கூமாப்பட்டி பஸ்

டீ நன்றாக இருக்கிறது. நான் இந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த காலத்தில் எதிர்க் கடையிலிருந்து டீ என்ற பெயரில் வெந்நீர்தான் வரும். கடை கைமாறிவிட்டது போலிருக்கிறது. உங்கள் கிளாஸ் ஆறுகிறது, குடியுங்கள். நான் எங்கும் போய்விட மாட்டேன்.

என் மனைவி பரிபூரணம் உங்களிடம் வாக்குமூலம் கொடுத்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். போன மாதம் பெட்டியை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள். "நான் அந்த ஆபீசரப் பாத்துப் பேசப் போறேன். பொறவு நீங்க என்னை வந்து கூப்பிட வேண்டாம்." சட்டினியில் உப்பு கூடிவிட்டால்கூட என் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்குகிறவள் அவள். அவள் உங்களிடம் சொன்னதில் பொய் இருக்காது. அவளுக்குப் பொய் வராது. ஆனால் அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம். அதை மட்டும் வைத்துப் பார்த்தால் நான் கெட்டவனாகத் தெரிவேன். அதனால்தான் நீங்கள் ஆள் அனுப்புவதற்கு முன்பே நானே வந்தேன்.

எண்பத்தெட்டில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் தனிப்பிரிவு இன்ஸ்பெக்டர். சீருடை கிடையாது. வேட்டி சட்டையோடு டீக்கடையில் உட்கார்ந்திருப்பதும் வேலைதான். இந்த ஐயாதுரை போலீஸ்காரன் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மனைவி வத்திராயிருப்புப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் காலையில் கூமாப்பட்டி பஸ்ஸில் போய், மாலையில் திரும்புவாள். ராஜபாளையத்திலிருந்து புறப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, கிருஷ்ணன்கோவிலில் திரும்பி, வத்திராயிருப்பு வழியாகக் கூமாப்பட்டி போகிற பஸ் அது.

அந்த வருடம் தவசிமுத்து என்று ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தோம். முன்பு எங்கோ வாத்தியாராக இருந்தவன். ஏழைகளுக்காக என்று ஓர் அமைப்பு வைத்திருந்தான். வடக்கே ஒரு தபால் ஆபீசில் அவன் வைத்த குண்டு வெடித்து, மணியார்டர் வாங்க வந்தவர்கள் செத்தார்கள். அடுத்து ஒரு வாரச் சந்தை. சந்தைக்கு என்னையும் அனுப்பினார்கள். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் ஒரு செருப்பு கிடந்தது. ஓரமாக எடுத்து வைக்கலாம் என்று குனிந்தேன். கால் அதற்குள்ளேயே இருந்தது. இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் இளைஞர். அப்படி ஒரு சந்தைக்குப் போயிருக்க மாட்டீர்கள். என்னைப் பற்றி முடிவு செய்கிறவர்கள் யாருமே போனதில்லை.

அய்யூப் என்னிடம் தானாகத்தான் வந்தான். நான் தேடிப் போகவில்லை. ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் கைகால் நீட்ட இடமில்லாத ஒரு வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தான். எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை அவனிடம் கொடுத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, போகாமல் நின்றான்.

"சார், தப்பா நெனைச்சிராதிய. காளிராஜ்னு ஒரு ஆளு. அலாரம் கடிகாரத்துல வயரு இழுத்துக் கொடுன்னு கேக்கான். கோழிப்பண்ணைக்கு லைட்டு போடணுமாம். மொதல்ல ஒண்ணு வாங்கிட்டுப் போனான். இப்ப இன்னும் வேணுங்கான். எனக்கு மனசு ஒப்பல."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"நூர்பானுகிட்ட மட்டும் சொன்னேன். அவதான் உங்களப் பாக்கச் சொன்னா. ஊருல ஏதாவது ஒண்ணு நடந்துட்டா மொதல்ல நம்மளத்தான் பிடிப்பாக, நீங்க முந்திக்கிடுங்கன்னா."

நூர்பானு அவன் மனைவி. அப்போது கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகவில்லை. நான் அவன் தோளில் கை வைத்தேன். இது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது. ஆனால் அன்று நான் வேண்டுமென்று வைக்கவில்லை. எனக்கு அவனை நிஜமாகவே பிடித்துப்போயிற்று.

"நீ பாட்டுக்குக் கேட்டதைச் செஞ்சு கொடு அய்யூப். அவன் என்னைக்கு வாரான், எங்க போறான்னு மட்டும் என் காதுல போடு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன். உன் மேல ஒரு தூசி விழாது."

அன்றிலிருந்து நான் அவனுக்கு அண்ணன். பெருநாளைக்கு அவன் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு முறுக்கு போயிற்று. நான் அண்ணன் என்பதால் நூர்பானு பரிபூரணத்தை மைனி என்று கூப்பிடுவாள். இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்தால் எங்களுக்குச் சோறு தாமதமாகத்தான் கிடைக்கும். இதெல்லாம் நடிப்பு என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

அடுத்த வருடம் ஆடி பிறந்ததும் காளிராஜ் ஒரு கடிகாரத்தை அவசரமாகக் கேட்டான். அய்யூப் என்னை ரயிலடியில் வந்து பார்த்தான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, ஒண்ணு செய்யட்டுமா? செத்த நேரம் ஓடிட்டு நின்னுபோற மாதிரி செஞ்சு கொடுத்துருதேன். பாத்தா ஒண்ணும் தெரியாது. யாருக்கும் சேதாரம் இல்ல."

நான் வேண்டாம் என்றேன். தவசிமுத்து எதையும் சோதித்துப் பார்க்காமல் வாங்க மாட்டான், ஓடாத கடிகாரத்தைக் கொடுத்தால் மறுநாளே உன்னை முடித்துவிடுவான் என்று சொன்னேன். "சரியாவே செஞ்சு கொடு. அது எங்கயும் வெடிக்காது. அதுக்கு முன்னாலயே நான் கைய வச்சிருவேன்." அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "நீங்க சொன்னாச் சரிண்ணே" என்றான்.

தவசிமுத்து சோதித்துப் பார்ப்பான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நானாக நினைத்தேன். பின்னால் விசாரணையில் தெரிந்தது, அவன் கடிகாரத்தைக் கையால்கூடத் தொடுவதில்லை. எல்லாம் காளிராஜ்தான். ஆக, அய்யூப் சொன்னபடி விட்டிருக்கலாம். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்று எனக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆடிப்பூரம் வருகிறது என்பது. ஆண்டாள் சந்நிதி முன்னால் நிற்க இடமில்லாமல் சனம் நெருக்கும். சந்தையில் வைத்தவன் அங்கே வைக்க மாட்டானா? காளிராஜைப் பிடித்தால் தவசிமுத்து மலையேறிவிடுவான். இன்னொரு காளிராஜ் கிடைப்பான், இன்னொரு கடிகாரம் கிடைக்கும். தலைவன் இருக்கிற இடம் தெரிய வேண்டுமென்றால் அந்தக் குண்டு தன் போக்கில் நகர வேண்டும், நான் பின்னால் போக வேண்டும். மேலதிகாரிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டார். "உங்களுக்குத் தெரியாததா ஐயாதுரை. எழுத்துல எதுவும் அனுப்பாதீங்க" என்று வைத்துவிட்டார். பிற்பாடு கோர்ட்டில் அவர், அப்படி ஒரு போன் தனக்கு வந்ததாக ஞாபகம் இல்லை என்றார். அன்று சாயங்காலம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாயை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். நல்ல ராஜபாளையம் நாய். முப்பது வருட உழைப்புக்கு அதுதான் பதில்.

ஆடிப்பூரத்துக்குச் சில நாள் முன்னால் ஒரு மத்தியானம் அய்யூப் தகவல் சொன்னான். காளிராஜ் நாளைக் காலையில் கூமாப்பட்டி பஸ்ஸில் போகிறான். நான் ஏற்கனவே அவனிடம் நூர்பானுவைக் கொஞ்ச நாளைக்குக் கூமாப்பட்டியில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பி வைக்கச் சொல்லியிருந்தேன், இங்கே ஏதாவது கைகலப்பு வந்தால் அவள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று. "அனுப்பிட்டேண்ணே. இன்னைக்குக் காலையிலயே போயிட்டா" என்றான். அவன் குடும்பத்தைப் பற்றி அவனுக்கு முன்னால் நான் யோசித்திருக்கிறேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் வீட்டில் பரிபூரணத்திடம், நாளைக்கு லீவு போடு என்றேன். ஏன் என்றாள். உனக்குச் சளி பிடித்திருக்கிறது, குரல் கம்முகிறது என்றேன். அவள் உங்களிடம் தனக்குச் சளியே இல்லை என்று சொல்லியிருப்பாள். எனக்குக் குரல் கம்மியது போலத்தான் கேட்டது. முதலில் அப்படித்தான் நினைத்தேன், வெகு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் நானும் ஏட்டு தனுஷ்கோடியும் ராஜபாளையத்திலேயே பஸ் ஏறினோம். மாட்டுத் தரகர்கள் மாதிரி கைலியும் துண்டும். காளிராஜ் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால், ஜன்னலோரம். மெலிந்த பையன். மீசைகூடச் சரியாக வரவில்லை. மடியில் ஒரு ரெக்சின் பை. மில் ஷிப்ட் முடிந்து வந்த ஆட்கள் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பஸ்ஸில் நானும் உட்கார்ந்திருந்தேன் என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். வெடித்திருந்தால் நானும்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. காளிராஜ் எழுந்தான். கையை வீசிக்கொண்டு இறங்கினான். பை அவன் கையில் இல்லை.

தனுஷ்கோடிதான் முதலில் குனிந்து பார்த்தார். இறங்குகிற படியில் என் முழங்கையைப் பிடித்தார்.

"ஐயா, பை சீட்டுக்கு அடியில கெடக்கு."

"தெரியும்."

"கண்டக்டர்கிட்டச் சொல்லி எல்லாரையும் எறக்கிருவோம்யா. நான் போய்—"

"நீங்க அவன் பின்னால போங்க. விட்டுராதீங்க."

"ஐயா..."

"போங்க தனுஷ்கோடி."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் போனார். பின்னாலும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பதவி உயர்வும் கிடைத்தது. போன வருடம் காலமாகிவிட்டார், அதனால் அவரை நீங்கள் கேட்க முடியாது.

என் நிலையை யோசித்துப் பாருங்கள். நான் வாயைத் திறந்து கத்தினால் ஸ்டாண்டு முழுக்க ஓட்டமும் கூச்சலும். காளிராஜ் திரும்பிப் பார்ப்பான், புரிந்துகொள்வான், தவசிமுத்து இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். ஆடிப்பூரத்துக்கு வருகிறவர்களை அப்புறம் யார் காப்பாற்றுவது? ஒரு பஸ்ஸில் இருக்கிறவர்கள் எத்தனை பேர்? அன்று நான் செய்ததைத்தான் எல்லா நாட்டிலும் பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் செய்கிறார்கள். அவர்கள் செய்யும்போது அதற்கு வேறு பெயர். நான் பஸ் ஸ்டாண்டில் கைலியோடு நின்று செய்தேன்.

கடிகாரம் எத்தனை மணிக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மத்தியானமாக இருக்கலாம். ராத்திரியாகவும் இருக்கலாம். கிருஷ்ணன்கோவிலில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அங்கே ஆள் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஸ்டாண்டில் டைம்கீப்பர் அறையில் போன் இருந்தது. கோர்ட்டில் நான் அந்தப் போன் அன்று வேலை செய்யவில்லை என்று சாட்சி சொன்னேன். அது வேலை செய்தது. டைம்கீப்பர் அதில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவரை வைக்கச் சொல்ல வேண்டும், நான் யார் என்று விளக்க வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்பார். அதற்குள் தனுஷ்கோடி சந்து திரும்பிவிட்டார். பஸ் புறப்பட்டது. நானும் தனுஷ்கோடி போன பக்கம் போனேன்.

காளிராஜ் எங்களை நேராகத் தவசிமுத்துவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான். மரக்கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. தவசிமுத்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் ஓடவில்லை. "கை கழுவிட்டு வாரேன்" என்றான். துப்பாக்கியை மடியிலிருந்து எடுக்கவே தேவைப்படவில்லை. பல மாவட்டம் தேடிய ஆளை ஒரு கீறல் இல்லாமல் பிடித்தேன். எனக்குக் கொடுத்த மெடலை இப்போது திரும்பக் கேட்டிருக்கிறார்களாம். கொடுத்துவிடுகிறேன்.

சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கிருஷ்ணன்கோவிலுக்கு இந்தப் பக்கம், ஊரில்லாத இடத்தில் நடந்தது. ஸ்டேஷனுக்கு வந்த பிறகுதான் வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். உங்கள் ஃபைலில் எத்தனை பேர் என்று இருக்கிறது. நான் அந்த எண்ணைச் சொல்வதில்லை.

தவசிமுத்துவிடம் ஆடிப்பூரத் திட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அவன் புரியாமல் பார்த்தான்.

"ஆடிப்பூரமா? யாரு சொன்னது உங்களுக்கு? பஸ்ஸுலதான் வச்சாச்சே. அதுக்கு மேல எங்ககிட்ட மருந்தே கெடையாது."

அவன் பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். திட்டத்தை ஒப்புக்கொண்டான் என்றே அறிக்கையில் எழுதினேன். கொட்டகையைப் பிரித்துப் பார்த்தோம். துண்டறிக்கைகளும் ஒரு டிரங்குப் பெட்டியும் தவிர எதுவும் இல்லை. ஆனால் இல்லாததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது அல்லவா? அந்த வருடம் ஆடிப்பூரம் நல்லபடியாக நடந்தது. அதற்கு யாராவது எனக்கு நன்றி சொன்னார்களா?

வீட்டுக்குப் போனபோது பரிபூரணம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விளக்கு போடவில்லை. அவளோடு வேலை பார்த்த சுடலையம்மாள் டீச்சரும் அந்தப் பஸ்ஸில் இருந்தாள். தினமும் இரண்டு பேரும் ஸ்டாண்டில் சேர்ந்துதான் ஏறுவார்கள்.

"எனக்கு ஏதுங்க சளி?" என்றாள்.

நான் விளக்கைப் போட்டேன்.

"நான் வரலன்னு சுடலையம்மாக்கா ஸ்டாண்டு பூரா தேடியிருப்பா. ஒரு வார்த்தை அவ காதுலயும் போட்டிருக்கலாம்லா. எனக்குச் சொன்ன மாதிரி, உனக்குச் சளின்னு அவகிட்டயும் சொல்லியிருக்கலாம்லா."

தொழில் விஷயத்தை வீட்டில் பேசாதே என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. இத்தனை வருடமும் சமைத்தாள், துவைத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது தெரிகிறது. கூடவே இருந்து ஒருவரை இப்படி ஏமாற்ற முடியும் என்று நான் நினைத்ததில்லை.

அய்யூபைப் பிடித்தது நான் இல்லை. வேறு பிரிவு. சிதறிக் கிடந்த கடிகாரத் துண்டை வைத்து அன்று மாலைக்குள் அவன் கடைக்குப் போய்விட்டார்கள். அவன் பெயரைக் கேட்டதும் அவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பத்திரிகைக்காரர்களுக்கும் தேவைப்படவில்லை. கடையைச் சனம் அடித்து நொறுக்கியது. லாக்கப்பில் அவன் ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னானாம். "ஐயாதுரை அண்ணனக் கூப்பிடுங்க. அவியளுக்கு எல்லாம் தெரியும்."

கோர்ட்டில் அரசு வக்கீல் என்னைக் கேட்டார், குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவரைத் தெரியுமா என்று. தெரியும் என்றேன். எப்படி என்றார். வீட்டுக் கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. அவன் வக்கீல் எழுந்து, இவர் உங்களுக்குத் தகவல் கொடுத்தாரா என்று கேட்டார். இல்லை என்றேன். தகவல் கொடுக்கிறவனின் பெயரை வெளியில் சொல்லக் கூடாது. அது எங்கள் தொழிலில் முதல் பாடம். அவன் உயிருக்குத்தான் ஆபத்து. தவசிமுத்துவின் ஆட்கள் வெளியில் இருந்தார்கள். உள்ளே இருப்பதுதான் அவனுக்குப் பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றியது.

நான் சாட்சி சொல்லிவிட்டு இறங்கும்போது அவன் கூப்பிட்டான். சத்தமாக இல்லை. "அண்ணே" என்று மட்டும். நான் திரும்பிப் பார்த்திருந்தால் ஜட்ஜ் கவனித்திருப்பார்.

அவனுக்கு ஆயுள் தண்டனை. இந்த வருடம் மேல்கோர்ட்டில் விடுதலை ஆகிவிட்டான். வெளியே வந்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? என்னை வந்து பார்த்திருக்க வேண்டும். உட்கார வைத்து எல்லாம் விளக்கியிருப்பேன். அவன் நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லையாம். வாசலில் நின்று பரிபூரணத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறான்.

"மைனி, அன்னைக்கு நீங்க ஏன் அந்தப் பஸ்ஸுல போகல?"

அவள் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் உங்களிடம் வந்தார்கள். ஒருத்தி நான் தாலி கட்டியவள். ஒருவன் என்னை அண்ணன் என்று கூப்பிட்டவன். எனக்கு முதுகில் குத்துவதற்கு வெளியாள் யாரும் தேவைப்படவில்லை.

இவ்வளவும் அவர்களுக்கும் பாதிக்கு மேல் தெரிந்ததுதான். இனிச் சொல்வது யாருக்கும் தெரியாது. நீங்கள் கேட்கவும் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் குறை இருக்கக் கூடாது என்பது என் பழக்கம். நானே எத்தனையோ பேரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன்.

நூர்பானு முந்தின நாள் கூமாப்பட்டிக்குப் போகவில்லை. ராஜபாளையத்தில் புறப்பட்டவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அக்கா அசீனா வீட்டில் தங்கிவிட்டாள். அய்யூபுக்கு அது அப்போது தெரியாது. எனக்கும் தெரியாது, மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்க்கும் வரை.

தனுஷ்கோடியை அனுப்பினேன் என்று சொன்னேன் அல்லவா. அனுப்பிவிட்டு நான் பஸ் படிக்குப் பக்கத்திலேயே நின்றேன். அப்போதுதான் அவள் வந்தாள். கையில் ஒரு துணிப்பையும் தூக்குச்சட்டியும். என்னைப் பார்த்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

"அண்ணே, நீங்களா? இது என்ன கைலியும் துண்டுமா? மைனி பாத்தா வீட்டுக்குள்ள விடமாட்டாக."

காளிராஜ் இன்னும் ஸ்டாண்டைத் தாண்டவில்லை. வாழைப்பழக் கடையில் நின்று பழம் வாங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அய்யூபின் மனைவியைத் தெரியும், கடையில் பார்த்திருக்கிறான். அவள் என்னோடு பேசிக்கொண்டே நின்றால் அவன் திரும்பிப் பார்ப்பான். இந்த ஆள் யார் என்று யோசிப்பான். யோசித்தால் அய்யூப் வரைக்கும் வந்துவிடுவான்.

"கூமாப்பட்டி பஸ் இதானண்ணே?"

"இதாம்மா."

"கூட்டமா இருக்கே. உக்கார எடம் இருக்குமா?"

அந்தப் பஸ்ஸில் ஓர் இடம் இருந்தது. அது காலியானதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். மற்றவர்கள் இன்னும் கவனிக்கவில்லை.

"அந்தா, முன்னால ஜன்னலோரம் காலியா கெடக்கு பாரு. வேற யாரும் உக்காந்துருவாக. ஏறு, ஏறு."

துணிப்பையை வாங்கிக்கொண்டு அவள் படி ஏறும்வரை நின்று, ஏறியதும் கொடுத்தேன். அவள் போய் உட்கார்ந்தாள். தூக்குச்சட்டியைக் கீழே வைக்க இடம் இல்லை போலிருக்கிறது. குனிந்து எதையோ உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். பிறகு ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, "மைனியக் கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். டைம்கீப்பர் இன்னும் போனில் சிரித்துக்கொண்டிருந்தார். காளிராஜ் பழத்தோலை எறிந்துவிட்டு நடந்தான். தனுஷ்கோடி பின்னால் போனார். பஸ் திரும்பி, வெளியே போகும்வரை அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை அசைத்தேன்.

ஆக, அந்த இடத்தில் அவளை உட்கார வைத்தது நான். அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் உட்கார வைத்தேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேயா?

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கடைசிப் பகுதியை அய்யூபுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அவனுக்கு இளகின மனசு, தாங்க மாட்டான். அவன் மனசு நோகும்படி இதுவரை நான் எதுவும் செய்ததில்லை.